பாடசாலைக்கு வந்த ஐந்து பழைய ரவுட்டர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தாலும் பரவாயில்லை. ஆனால் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் என்னைப் பற்றி குரல் பதிவு போட்டவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

விடயம் இதுதான். போன மாதம் எங்கள் பாடசாலையின் கணினி அறைக்கென்று ஐந்து வைஃபை ரவுட்டர்கள் வந்தன. கொழும்பில் வியாபாரம் செய்யும் எங்கள் ஊர்ச் சகோதரர் ஒருவர், தனது ஒபிஸில் கழற்றியவற்றைத் துடைத்து, வயர்களைச் சுருட்டிக் கட்டி, வேனில் அனுப்பியிருந்தார். நல்ல மனசு, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் அவற்றில் இரண்டை வைத்துக்கொண்டு, மூன்றைத் திருப்பிக் கொடுப்போம் என்று அதிபரிடம் சொன்னேன். அவரும் சம்மதித்தார். அது ஊருக்குள் வந்து சேர்ந்தபோது "சேருக்குப் புதுச் சாமான்தான் வேணுமாம், பழசு கைக்கு ஒட்டாதாம்" என்று மாறிவிட்டது.

அனுப்பியவரிடம் நானே போன் எடுத்துக் கதைத்தேன். அவருக்கு விளங்கியது. மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் கணினிப் பொறியியலாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்த ஒரு வாத்தியார். இருக்கிறவர்களில் வயது குறைந்தவர் என்பதால் கணினி அறைச் சாவி என் கையில் தரப்பட்டது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதுதான் எல்லாம், அதிலும் பாதி தவறு செய்து கற்றுக்கொண்டது.

ரவுட்டர் என்பது நாங்கள் நினைக்கிற மாதிரி வெறும் அன்டெனா இல்லை. அதற்குள் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. புரசஸர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, பெரும்பாலானவற்றில் லினக்ஸ்கூட ஓடுகிறது. அந்தக் கணினியை ஓட்டும் மென்பொருளுக்குத்தான் ஃபேம்வெயார் என்று பெயர். போனில் வாரத்துக்கு ஒரு அப்டேட் வருகிறது, கேட்டுக் கேட்டுத் தொல்லை கொடுக்கிறது, நாங்களும் ஓகே அழுத்துகிறோம். ரவுட்டர் அப்படிக் கேட்பதில்லை. ஷோகேஸுக்கு மேலே, பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில், பச்சை லைட் மினுங்கிக்கொண்டு எட்டு வருடம் பத்து வருடம் பேசாமல் இருக்கும். வீட்டிலுள்ள எல்லாப் போனும், டீவியும், பிள்ளைகளின் டெப்பும் அதற்குள்ளால்தான் வெளியே போய் வருகின்றன. வீட்டு வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போடுகிற நாங்கள் இந்தக் கதவை எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

வந்த ஐந்திலும் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, மொடல் இலக்கத்தையும் ஹார்ட்வெயார் வேர்ஷனையும் எழுதி, தயாரித்த கம்பனிகளின் இணையத்தளங்களில் ஒவ்வொன்றாகத் தேடினேன். இரண்டுக்கு அண்மைய ஃபேம்வெயார் இருந்தது. போட்டேன், இப்போது கணினி அறையில் ஓடுகின்றன. மற்ற மூன்றில் ஒன்றுக்குக் கடைசி ஃபேம்வெயார் 2013. இன்னொன்றுக்கு 2015. மூன்றாவதைக் கம்பனியே தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதாவது 2015க்குப் பிறகு அவற்றில் கண்டுபிடிக்கப்பட்ட எந்த ஓட்டையும் அடைபடவில்லை, இனி அடைபடப் போவதுமில்லை. இந்த மூன்றையும் அறுபது எழுபது பிள்ளைகள் பாவிக்கும் அறையில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டு, யாரென்று தெரியாத மாதிரிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு ராத்தா. கணவர் கட்டாரில். மாதா மாதம் வரும் சல்லியில் வீட்டுக் கடன், ரியூஷன், எல்லாவற்றையும் போனிலேயே வங்கி மூலம் கட்டுவார். என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, "சேர், பேங்க் பேஜ் ஒரு மாதிரியா இரிக்கி. ஏடிஎம் பின் நம்பரக் கேக்குது. அது கேக்க மாட்டாங்க தானே?" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். வங்கியின் பக்கம் அப்படியே இருந்தது, லோகோ, நிறம் எல்லாம் சரி. வைஃபையை நிறுத்தி, போனின் டேட்டாவில் அதே முகவரியைத் திறந்தேன். பின் நம்பர் கேட்கும் கட்டம் இல்லை. திரும்ப அவர்கள் வீட்டு வைஃபைக்குப் போய்த் திறந்தால் கட்டம் இருக்கிறது. அதற்கு முன் சிவப்பில் ஒரு எச்சரிக்கையும் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் நாலு வரி. "அது அடிக்கடி வார ஒண்டு தானே" என்று கீழே இருந்ததை அழுத்தி உள்ளே போயிருக்கிறார். யூஸர் நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தாகிவிட்டது. பின் நம்பரில்தான் கை நின்றிருக்கிறது.

அன்றிரவே வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தினோம். அல்ஹம்துலில்லாஹ், சல்லி ஒன்றும் போகவில்லை. பிறகு ரவுட்டருக்குள் போனேன். அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, ரிமோட் மனேஜ்மென்ட் என்பார்கள், திறந்து கிடந்தது. டிஎன்எஸ் என்ற இடத்தில் எங்கேயோ வெளிநாட்டு இலக்கம் ஒன்று.

இந்த டிஎன்எஸ் என்ன என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாச் சேட்டையும் அங்கேதான். நாங்கள் ஒரு இணையத்தளத்தின் பெயரை அடிக்கிறோம். கணினிக்குப் பெயர் விளங்காது, இலக்கம்தான் விளங்கும். இந்தப் பெயருக்கு எந்த இலக்கம் என்று சொல்லிக் கொடுப்பதுதான் டிஎன்எஸ். அவர் தவறான இலக்கத்தைச் சொன்னால், நீங்கள் சரியான பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அடித்தும் தவறான வீட்டுக்குப் போய் நிற்பீர்கள். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி எங்கள் நாட்டிலேயே இது நடந்தது, பலருக்கு ஞாபகம் இருக்கும். எல்கே முகவரிகளைப் பதிவு செய்யும் இடத்தில் யாரோ கை வைத்ததால், கூகுள் டொட் எல்கே என்று அடித்தவர்களுக்கு கூகுளுக்குப் பதிலாக அரசியல் வாசகங்கள் எழுதிய வேறொரு பக்கம் வந்தது. சுதந்திர தினம் முடிந்து இரண்டாம் நாள். அது நாடு முழுவதற்கும் நடந்தது, எல்லாருக்கும் தெரிந்தது, சில மணித்தியாலங்களில் சரி செய்தார்கள். ராத்தாவின் வீட்டில் நடந்தது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும். யாருக்கும் தெரியாது, எத்தனை மாதம் அப்படி இருந்தது என்றும் தெரியாது.

இது புதுத் தந்திரமும் இல்லை. பிரேசிலில் 2011, 2012 காலத்தில் 45 இலட்சம் வீட்டு மோடங்களில் இப்படித்தான் டிஎன்எஸ்ஸை மாற்றியிருந்தார்கள். ஆறு கம்பனிகளின் மோடங்கள், எல்லாவற்றிலும் ஃபேம்வெயாரில் ஒரே ஓட்டை. வங்கிப் பக்கம் திறந்தவர்கள் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். அவர்களுடைய கணினியில் வைரஸ் இல்லை, அவர்கள் தவறான லிங்க் எதையும் அழுத்தவில்லை. பெட்டிதான் பிழை.

ராத்தாவின் ரவுட்டரை ரீசெட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, எல்லாவற்றையும் மூடிக் கொடுத்தேன். பத்து நாளில் அதே வெளிநாட்டு இலக்கம் திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. ரீசெட் செய்தால் கள்ளன் செய்த மாற்றம் அழியும், கள்ளன் வந்த ஓட்டை அப்படியே இருக்கும். அதை அடைப்பது ஃபேம்வெயார் ஒன்றுதான். அந்த மொடலுக்கு அது வெளிவந்து முடிந்து பல வருடம். கடைசியில் புது ரவுட்டர் வாங்கினார். பிள்ளைகளுக்குப் புதுத் தவணைக்கு சப்பாத்து வாங்க வைத்திருந்த சல்லியிலிருந்து எடுத்தார் என்று மகன் பிறகு என்னிடம் சொன்னான்.

இப்போது எங்கள் ஊரின் பெரிய வாதத்துக்கு வருவோம். பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் ஒரு ஹாஜியார் என்னிடம் நேரிலேயே சொன்னார்: "வேல செய்ற சாமான்ல கைய வெக்க வாணாம் சேர். பத்து வருஷமா எங்கட வீட்டுல ஓடுது. ஒரு நாளாவது கரச்சல் தந்ததா?"

இந்தப் பேச்சை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். அதில் அனுபவம் இருக்கிறது, ஏனென்றால் நானே ஒரு ரவுட்டரைக் கொன்றவன். இரண்டு வருடத்துக்கு முன், ஒக்டோபர் மாதம், பின்னேரம் நாலு மணி. மாத்தளையில் ஒக்டோபர் நாலு மணி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வானம் கறுத்துக் கிடக்கிறது, தூரத்தில் இடி முழங்குகிறது, நான் உற்சாகமாக வீட்டு ரவுட்டருக்கு ஃபேம்வெயார் போடுகிறேன். திரையில் கோடு பாதி தூரம் வந்தது. கரண்ட் போனது. கரண்ட் வந்த பிறகு எல்லா லைட்டும் ஒன்றாக எரிந்து அப்படியே நின்றுவிட்டன. மனைவிக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒன்லைன் வகுப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, போன் டேட்டாவில் வகுப்பு எடுத்து முடித்துவிட்டு, ரீலோட் கார்டை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பழைய ஃபேம்வெயாரை அழித்து அந்த இடத்தில் புதியதை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பெட்டிக்குள் பாதிப் பழசும் பாதிப் புதுசும் கிடக்கும், அது எழும்பாது. சில மொடல்களை லேன் கேபிள் போட்டு மீட்கலாம். என்னுடையது அந்தச் சில மொடல்களில் ஒன்று என்பது, தூக்கி எறிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

அதனால் ஹாஜியார் சொல்வதில் பாதி சரி. கவனமில்லாமல் கை வைத்தால் கெடும். மறு பாதிதான் பிழை. "வேலை செய்கிறது" என்றால் எங்களுக்கு வட்ஸ்அப் போகிறது, யூடியூப் ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதே நேரம் அது வேறு யாருக்கும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று அந்தப் பச்சை லைட் காட்டாது. ராத்தாவின் ரவுட்டரும் கடைசி நாள்வரை நன்றாகத்தான் வேலை செய்தது.

வேறு யாருக்கு வேலை செய்யும் என்று கேட்டால் ஒரு உதாரணம். 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அப்டேட் நின்றுபோன பழைய ரவுட்டர்களைக் கள்ளர்கள் பிடித்து, அவற்றின் வழியாக இணையத்தில் நடமாட மற்றக் கள்ளர்களுக்குச் சல்லிக்கு விற்றிருக்கிறார்கள். பதின்மூன்று மொடல்களின் பெயரைப் போட்டிருந்தார்கள், பெரும்பாலானவை லின்க்ஸிஸ். அதாவது எங்கேயோ ஒருவன் மோசடி செய்கிறான், விசாரித்துக்கொண்டு போனால் முகவரி வந்து நிற்பது ஒன்றும் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில். உக்குவளையிலோ வரக்காமுறையிலோ ஒரு வீட்டுக்கு அப்படி யாராவது விசாரிக்க வந்தால், "ரவுட்டர் பழசு" என்ற பதிலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? 2019க்குப் பிறகு இதை நான் எங்கள் ஆட்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, இது யாருடைய வேலை? எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ராத்தாவின் ரவுட்டர் விடயமாக இணைப்புக் கொடுத்த கம்பனிக்கு அழைத்தேன். பாட்டுக் கேட்டு இருபது நிமிடம். பிறகு வந்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தான். லைன் எங்களுடையது சேர், பெட்டியை நீங்கள் சல்லி கொடுத்து வாங்கிவிட்டீர்கள், அது இனி உங்களுடையது என்றான். டவுனில் வாங்கிய கடைக்குப் போனேன். வொரண்டி ஒரு வருடம், அது முடிந்து எவ்வளவோ காலம், புதுசு தரட்டுமா என்றார்கள். தயாரித்த கம்பனியின் இணையத்தளத்தில் "இந்தப் பொருளுக்கான ஆதரவு முடிவடைந்துவிட்டது" என்று ஒரு வரி. மூன்று இடத்துக்கும் போய்விட்டு வந்தால், பொறுப்பு கட்டாரில் வேலை செய்யும் ஒரு மனிதனின் மனைவி தலையில் வந்து நிற்கிறது.

தயாரிப்பவர்கள் செய்கிற வேலைக்கு ஒன்று சொல்கிறேன். பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர்கள் பலவற்றுக்குள் ரொம்பேஜர் என்ற ஒரு சின்ன மென்பொருள் இருக்கும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைக் காட்டுவது அதுதான். அதில் 2002ஆம் ஆண்டு ஒரு ஓட்டை விழுந்தது. அந்த மென்பொருளை எழுதிய கம்பனி 2005இலேயே அதைத் திருத்திக் கொடுத்துவிட்டது. 2014 டிசம்பரில் செக் பொயின்ட் என்ற பாதுகாப்புக் கம்பனி தேடிப் பார்த்தபோது, உலகில் 189 நாடுகளில் குறைந்தது 1 கோடியே 20 இலட்சம் சாதனங்களில் அந்த ஓட்டை திறந்தே கிடந்தது. திருத்தம் வந்து ஒன்பது வருடம் கழித்து! ரவுட்டர் கம்பனிகள் பழைய பிரதியையே எடுத்து எடுத்துப் புதுப் பெட்டிகளில் போட்டு விற்றிருக்கின்றன. மருந்து இருக்கிறது, நோயாளியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை.

இந்தியாவில் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் மோடங்களுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதை. ஏறத்தாழ 60,000 மோடங்கள் இணைப்பு இழந்தன. காரணம் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, அட்மின் அட்மின் என்ற பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, வெளியிலிருந்து உள்ளே வரும் வழியும் திறந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் கம்பனி வாடிக்கையாளர்களிடம் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று கெஞ்சியது.

படிக்காத ஊர்க்காரர்கள்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் அரசாங்கமே இதில் பாடம் படித்தது. 2023 ஓகஸ்ட் மாதம் அரச மின்னஞ்சல் முறைமையில் ரான்சம்வெயார் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு பெக்கப் இல்லை, போனது போனதுதான். ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2021இலிருந்து மாற்றத் திட்டமிட்டிருந்தோம், நிதி இல்லாததால் தள்ளிப்போனது என்று பிறகு ஐசிடிஏ விளக்கம் சொன்னது. கவனித்தால் அங்கேயும் ஹாஜியாரின் வாதம்தான். ஓடுகிறது தானே, இருக்கட்டும்.

கடையில் நூறு ரூபாய் பிஸ்கட் பக்கட்டில் காலாவதித் திகதி இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ரவுட்டரில் இல்லை. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29இலிருந்து, இப்படியான சாதனங்களை விற்பவர்கள் எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்பதைச் சொல்ல வேண்டும் என்று சட்டம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விற்கவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 டிசம்பரிலிருந்து பொதுவாக ஐந்து வருடமாவது அப்டேட் கொடுத்தாக வேண்டும். எங்கள் நாட்டில் ரேடியோ அலையில் இயங்கும் சாதனங்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் தேவை. அந்த அங்கீகாரத்தோடு "இந்தத் திகதிவரை அப்டேட் உண்டு" என்ற ஒரு வரியையும் பெட்டியில் அச்சிடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? எங்கள் மாவட்ட எம்பிமார் யாராவது இதை வாசித்தால் கேட்டுச் சொல்லுங்கள். வாசிக்க மாட்டார்கள், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அந்த வரி வரும்வரை நாங்கள்தான் பார்க்க வேண்டும். செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் ரவுட்டரைத் திருப்பி அடியிலுள்ள ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள். மொடல் இலக்கம் மட்டும் போதாது, அதற்குப் பக்கத்தில் வி1, வி2 என்று இருக்கும் வேர்ஷனும் முக்கியம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு. மாற்றிப் போட்டால் பெட்டி செத்துப் போகும். பிறகு பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்து உள்ளே போனால், இப்போதிருக்கும் ஃபேம்வெயாரின் இலக்கமும் திகதியும் தெரியும். புதியதை, தயாரித்த கம்பனியின் இணையத்தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். யூடியூப் வீடியோவுக்குக் கீழே கிடக்கும் லிங்கிலிருந்து எடுக்க வேண்டாம்.

ஃபைபர் இணைப்போடு கம்பனி பொருத்திவிட்டுப் போன பெட்டி என்றால் அதில் நீங்களாக ஃபேம்வெயார் போட வேண்டாம். அவற்றைப் பொதுவாகக் கம்பனிதான் தூரத்திலிருந்து அப்டேட் செய்யும், அவர்களுக்கென்று வேறாகச் செய்த ஃபேம்வெயார் அதில் இருக்கும். அழைத்து, கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் தொல்லை என்று நினைப்பார்கள். ஊரே கேட்டால் பதில் ஒன்று தயாராக வைத்திருப்பார்கள்.

நீங்களே போடுவதென்றால் காலையில் போடுங்கள், வானம் வெளுத்திருக்கும் நாளில். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் பலர் ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வாங்கினீர்கள், அது பெட்டரி செத்து அலுமாரியில் கிடக்காமல் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். வைஃபையில் செய்ய வேண்டாம், லேன் கேபிள் போடுங்கள். தொடங்குமுன் எல்லா செட்டிங்ஸ் பக்கங்களையும் படம் எடுங்கள், முக்கியமாக இணைப்பின் யூஸர் நேம். அப்டேட்டுக்குப் பிறகு சில பெட்டிகள் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஓடும்போது ஐந்து நிமிடம் தொட வேண்டாம், லைட் அணைந்தாலும் பதற வேண்டாம்.

முடிந்ததும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, பெட்டியின் அடியிலேயே ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். எழுதி ஒட்டலாமா என்று கணினி படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வீட்டுக்குள் வந்து பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் கள்ளன் ரவுட்டருக்கா வந்திருக்கிறான்? ரிமோட் மனேஜ்மென்டையும் டபிள்யூபிஎஸ்ஸையும் நிறுத்துங்கள். டிஎன்எஸ் தானாக எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறதா, யாராவது இலக்கம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்டேட்டே இல்லாத மொடல் என்றால் இரண்டு வழி. ஓப்பன்டபிள்யூஆர்டி என்று இலவச ஃபேம்வெயார் ஒன்று இருக்கிறது. கம்பனி கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்களுக்கு உலகம் முழுவதும் உள்ள தொண்டர்கள் இருபது வருடத்துக்கு மேலாக அதை எழுதி வருகிறார்கள். ஆனால் 4 எம்பி ஃபிளாஷ் மட்டும் உள்ள மிகப் பழைய பெட்டிகளில் அதன் புதிய பதிப்புகள் ஓடாது, எங்கள் பக்கத்துப் பழைய ஏடிஎஸ்எல் மோடங்கள் பலவற்றுக்கும் சரிவராது. திருப்பிக் கொடுத்த மூன்றுக்கும் அதையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். மற்ற வழி, மாற்றுவது. சல்லி விடயம் எனக்கும் தெரியும், நானும் அரச சம்பளக்காரன்தான். உடனே முடியாவிட்டால், மாற்றும்வரை அந்த வைஃபையில் வங்கி வேலை செய்யாதீர்கள், அதற்குப் போன் டேட்டாவைப் பாவியுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால், எந்த மொழியில் வந்தாலும், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

மாற்றினால் பழையதை குர்ஆன் மத்ரஸாவுக்கோ பாடசாலைக்கோ ஏழை வீட்டுக்கோ கொடுத்துவிட்டு நன்மை எழுதிக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். கொடுக்கும் முன் மொடல் இலக்கத்தை எனக்கு அனுப்புங்கள், அப்டேட் இருந்தால் நானே வந்து கைநீட்டி வாங்கிக்கொள்வேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ளுஹர் வரை கணினி அறையில் இருப்பேன். அதிபரிடம் கேட்டுவிட்டேன். ஏ எல் தொழில்நுட்பப் பிள்ளைகள் நாலு பேர் உதவிக்கு வருகிறார்கள், அவர்களுக்கும் கை பழகும். ரவுட்டரோடு அதன் அடெப்டரையும் கொண்டு வாருங்கள், போன தடவை மூன்று பேர் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகள் என்றால் ஸ்டிக்கரின் படத்தை என் மனைவியின் இலக்கத்துக்கு அனுப்பினால் போதும், அப்டேட் இருக்கிறதா இல்லையா என்று அவர் பார்த்துச் சொல்வார். அவர் என்னைவிடக் கவனமானவர், இதுவரை ஒரு ரவுட்டரும் அவர் கையில் சாகவில்லை.

ஹாஜியார், உங்கள் வீட்டுப் பெட்டியை நான் வந்தே பார்க்கிறேன். மழை இல்லாத ஒரு காலை நேரம் சொல்லுங்கள்.